இடக்கையிலிருந்து வலக்கைக்கு

அந்த விமானத்துக்கு என்ன நிறம் என்று கேட்டால், இதுவரை ஐந்து நிறம் என்றுதான் சொல்லவேண்டும்.

வெள்ளி என்றார் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவர். பாசிப் பச்சை என்றார் தையல்காரர். ஓர் அம்மாள் அதற்குப் பல் இருந்தது என்று சாதித்தார். மூக்குக்குக் கீழே, வரிசையாக, சிரிக்கிற மாதிரி.

"பல்லு விளக்கியிருந்துச்சாம்மா?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த அவர் மகன்.

"உன்னைவிட நல்லாவே விளக்கியிருந்துச்சு" என்றார் அம்மாள்.

நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். உண்மையில் அது பறந்துபோன அன்று ஊரெங்கும் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் சுவர்கூடத் தெரியவில்லை என்று கோப்பு சொல்கிறது. அநேகமாக எல்லோரும் கேட்டது சத்தத்தை மட்டும்தான். ஆனால் ஒரு சத்தத்தை எழுபத்தாறு வருஷம் மனசுக்குள் வைத்திருந்தால், அதற்கு நிறமும் வந்துவிடும், பல்லும் முளைத்துவிடும்.

எனக்கு நகர நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை. சென்ற வருஷம் பழைய கோப்புகளை எல்லாம் கணினியில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. மூன்றாவது அலமாரியின் அடித்தட்டில், பூச்சி அரித்த ஓரத்தோடு ஒரு கோப்பு. 'காணாமல் போன போர் விமானம் – விசாரணை.' உள்ளே எட்டாக மடித்த வரைபடம். அதில் பென்சிலால் ஒரு நேர்கோடு. எங்கள் ஊர் சவரக் கடையில் தொடங்கி, வடக்கே எல்லை வரைக்கும். கீழே ஒரு வரி: 'விமானி எல்லையைக் கடந்து எதிரியிடம் சரணடைந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.'

அதற்கும் கீழே விமானியின் முகவரி. அது எங்கள் வீட்டு முகவரி.

விமானி வேறு யாருமில்லை, என் மாமியாரின் அப்பா. அத்தை பிறந்தது அவர் காணாமல் போன இரண்டாம் மாதம். 'ஓடினவர் மகள்' என்றுதான் இந்த ஊர் அத்தையைக் கூப்பிட்டு வளர்த்தது. சந்தை முனையில் இருக்கும் போர் நினைவுத் தூணில் பதினோரு விமானிகளின் பெயர் இருக்கிறது. பன்னிரண்டாவது இல்லை. கல்யாணமான முதல் வாரமே என் கணவர் என்னிடம் சொல்லிவிட்டார், "அம்மாகிட்ட எதை வேணும்னாலும் பேசு. தாத்தா பேச்சை மட்டும் எடுக்காதே."

அத்தை நாற்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர். இன்றைக்கும் யாராவது சுற்றி வளைத்துப் பேசினால் "யார் வேணும், அதைச் சொல்லுங்க" என்பார். ஊருக்கே இணைப்புக் கொடுத்தவர் ஒரு விஷயத்தில் மட்டும் கம்பியைப் பிடுங்கி வைத்திருந்தார். இன்னொரு பிடிவாதமும் உண்டு. எங்கள் பழைய வீட்டில் மாடிப்படி செங்குத்து, அத்தைக்கோ இரண்டு முட்டியிலும் வலி. லிஃப்ட் வைத்த புது வீடு பார்த்து வைத்தோம். வர மாட்டேன் என்றால் வர மாட்டேன்தான்.

அந்தப் பென்சில் கோட்டை அழித்தே தீருவது என்று நான் முடிவு பண்ணினேன்.

"உனக்கு வேற வேலை இல்லையா? வரையறதுதானே உன் வேலை" என்றார் கணவர்.

"தப்பா வரைஞ்சதை அழிக்கறதும் அதே வேலைதான்."

சனிக்கிழமைதோறும் கிளம்புவேன். அன்றைக்குச் சத்தம் கேட்டவர்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் பிடிப்பேன். எங்கே நின்றார்களோ அதே இடத்தில் நிற்க வைத்து, விமானம் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் கையை நீட்டச் சொல்வேன். நீட்டிய கையின் மேல் திசைகாட்டியை வைத்து டிகிரியைக் குறித்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து மெல்லிய தாளில் கோடாக இழுப்பேன். பல கைகள் காட்டும் கோடுகள் ஓர் இடத்தில் வெட்டிக்கொண்டால், அங்கே விமானம் இருக்கும். கணக்கு அதுதான்.

பதினோரு பேர், பதினோரு கோடு. ஆளுக்கொரு திக்கு.

"காக்கா கூடு கட்டற மாதிரி இருக்கு" என்றார் மேஜையைத் தாண்டிப் போன அத்தை. எதற்கு இந்த வேலை என்று கேட்கவே இல்லை. அவருக்குத் தெரியாமல் இல்லை.

அந்த மாதங்களில் எனக்குத் தினமும் ஒரே கனவு. விமானம் சத்தமே இல்லாமல், மீன் மாதிரி மெதுவாக, எங்கள் கூடத்துக்குள் வரும். வீடு பெருக்கும்போது செய்வதுபோல அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலைத் தூக்கிக்கொள்வார். விமானம் அவர் காலுக்கடியில் புகுந்து, அடுக்களைப் பக்கம் திரும்பிப் போய்விடும். எழுந்தால் காதில் ஒன்றும் இருக்காது. கையில் மட்டும் காற்று பட்ட குளிர்ச்சி.

கோப்பை எழுதிய விசாரணை அதிகாரி ஒரே ஒரு சாட்சியைத்தான் நம்பியிருந்தார். சவரக் கடையில் இருந்த பத்து வயதுப் பையன். கடையின் மேற்கு ஜன்னலுக்கு நேரே அன்றைக்கு மூன்று வினாடி பனி விலகியதாம். விமானத்தைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவன்தான். 'தெளிவான சிறுவன்' என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்.

தெளிவான சிறுவனுக்கு இப்போது எண்பத்தாறு வயது. சின்ன வயதில் படிய வாரிய தலைமுடிக்காக ஊர் வைத்த பேர் கிராப்பு. இப்போது தலையில் ஒரு முடி இல்லை. பேர் மட்டும் உதிரவில்லை.

முதல் தடவை அவர் வீட்டில்தான் பார்த்தேன்.

"மேற்கு ஜன்னல்லதான் தெரிஞ்சுது. இடக்கையிலிருந்து வலக்கைக்குப் போச்சு. மூணு எண்ணுற நேரம்தான்" என்றார்.

"நிச்சயமா இடக்கையிலிருந்தா?"

"எழுபத்தாறு வருஷமா அந்தப் படம் அப்படியேதாம்மா ஓடுது. ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை."

மேற்கே பார்த்து நின்றால் இடக்கை தெற்கு, வலக்கை வடக்கு. தெற்கே விமான தளம். வடக்கே எல்லை. அன்று வீட்டுக்கு வந்து மெல்லிய தாளைச் சுருட்டி வைத்துவிட்டேன். அழிக்கப்போன கோட்டை நானே அழுத்தி வரைந்துவிட்டு வந்திருக்கிறேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

ஆனாலும் டிகிரி குறிக்காமல் விட மனசு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை கிராப்பை அந்தச் சவரக் கடைக்கே அழைத்துப் போனேன். கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. அப்போது நடத்தியவரின் பேரன் இப்போது நடத்துகிறார். வாசல் தெருப்பக்கம், மேற்கு பார்த்தது. பக்கத்திலேயே அகலமான ஜன்னல்.

"வாங்க வாங்க" என்றார் கடைக்காரர். "மாசம் ரெண்டு தடவை வந்துடுவாரும்மா. வெட்ட ஒண்ணும் இல்லை. கத்தரிக்கோல் சத்தம் கேட்டுட்டுப் போவாரு."

"உங்க தாத்தா கை வேற, உன் கை வேற" என்றார் கிராப்பு.

ஜன்னலருகே அவரை நிற்க வைத்தேன். "இங்கேருந்து கையை நீட்டுங்க ஐயா."

அவர் நின்றார். தெருவைப் பார்த்தார். வழி தப்பியவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். கை எழவே இல்லை.

"இங்கே இல்லையேம்மா."

"இந்த ஜன்னல்தானே?"

"ஜன்னல் இதுதான். நான் இங்கே இல்லை."

மெதுவாக நடந்து போய், சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். கைகளை இரு பக்கமும் வைத்துக்கொண்டார். முகம் கிழக்குச் சுவரைப் பார்த்தபடி. கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி.

"இங்கே."

"ஐயா, ஜன்னல் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு."

"ஆமா. முடி வெட்டும்போது தலையைத் திருப்பினா இவன் தாத்தா காதைத் திருகிடுவாரு. வானம், தெரு, குதிரை வண்டி எல்லாமே எனக்கு இதுக்குள்ளதான்."

"விசாரணைக்கு வந்தவர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அவர் கேட்கலையே! ஜன்னல்ல பார்த்தியான்னார், ஆமான்னேன். எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குன்னார், சொன்னேன். பொய் ஒண்ணும் சொல்லலையேம்மா?"

"இல்லைங்க ஐயா" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. "நானும் கேட்கலை."

நாற்காலிக்குப் பின்னால் போய், அவர் தலைக்கு மேலே கண்ணாடியைப் பார்த்தேன். மத்தியான வெளிச்சத்தில் தெரு அதற்குள் அசையாமல் கிடந்தது, தண்ணீருக்கடியில் இருக்கிற தெரு மாதிரி. ஒரு சிவப்புப் பேருந்து இடது ஓரத்தில் நுழைந்து, வலது ஓரத்தில் மறைந்தது. சட்டென்று திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். பேருந்தின் வால் இடது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. தெற்கே.

கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் இடக்கை வடக்கு. வலக்கை தெற்கு.

விமானி எல்லைக்குப் போகவில்லை. எல்லையிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா, முகம் இப்படி ஆயிடுச்சு?" என்றார் கடைக்காரர். "உட்காருங்க. தண்ணி கொடுக்கட்டுமா?"

"கண்ணாடி பழசா?"

"கண்ணாடி நாலு தடவை மாறியாச்சு. சுவர் அதேதான்."

வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். அத்தை சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கண்ணாடி, நாற்காலி, காதைத் திருகும் தாத்தா, பேருந்து.

"அத்தை, அவர் ஓடலை! தளத்துக்குத் திரும்பி வந்துட்டு இருந்திருக்கார். அதிகாரி கோட்டைத் தலைகீழா இழுத்துட்டார்!"

கத்தி நின்றது. அத்தை என்னைப் பார்க்கவில்லை. நறுக்கிய துண்டுகளைப் பார்த்தார்.

"அப்போ செத்துட்டாரா?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

"திரும்பி வந்துட்டு இருந்தவர் வந்து சேரலைன்னா வேற என்ன அர்த்தம்? சொல்லு."

"அத்தை, நான்... ஊர் பேசின பேச்சு... உங்களுக்கு எவ்வளவு அவமானமா இருந்திருக்கும்னு..."

"அவமானமா?" அத்தை சிரித்தார். சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை. "ஓடினவர் மகள்னு ஒவ்வொரு தடவை கூப்பிட்டப்பவும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஓடினவருக்குக் காலாவது இருக்கும்மா. அங்கே யாரோ ஒருத்தியைக் கட்டிக்கிட்டார், தோட்டம் போட்டார், வழுக்கை விழுந்துடுச்சு, எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். எனக்கு ரெண்டு தம்பிகூட இருக்காங்க. இந்த வீட்டை விட்டு நான் ஏன் வரலைன்னு நினைச்சே? அவருக்குத் தெரிஞ்ச முகவரி இது ஒண்ணுதான்."

"அத்தை, இப்ப அவருக்கு..."

"நூத்தியொரு வயசு. எனக்குக் கணக்குத் தெரியாம இல்லை."

மறுபடி நறுக்க ஆரம்பித்தார். எல்லாத் துண்டும் ஒரே அளவு.

நான் கோப்பை மூடினேன். வரைபடத்தைப் பீரோவின் மேல் போட்டேன். ஓர் ஆளுடைய பழியைத் துடைக்கப் போய், எழுபத்தாறு வருஷமாக உயிரோடு இருந்த ஒரு கிழவரை ஒரே மத்தியானத்தில் கொன்றுவிட்டு வந்திருக்கிறேன். கூடவே இரண்டு தம்பிகளையும். அந்த வாரம் முழுக்க விமானக் கனவு வரவில்லை. வராதது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, கூடத்து மேஜையில் வரைபடம் விரிந்து கிடந்தது. நான்கு மூலையிலும் நான்கு தம்ளர். அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தார்.

"இது யாரு?" ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார். அதன் பக்கத்தில் 'கழிக்க' என்று நான் எழுதியிருந்தேன்.

"செங்கல் சூளையில வேலை செஞ்ச குடும்பத்து அம்மா. அப்போ எட்டு வயசு. தெற்கே பனிக்குள்ள நெருப்பு தெரிஞ்சுதுன்னாங்க. அது சூளை நெருப்புன்னு அதிகாரி எழுதியிருக்கார். விமானம் வடக்கேன்னு இருந்ததால நானும் விட்டுட்டேன்."

"இப்போ தெற்கே ஆயிடுச்சே. சவரக் கடையிலேருந்து தளத்துக்குக் கோடு போட்டா, சூளை நடுவுல வருது." விரல் வழுக்கிக்கொண்டு போனது. "எந்தக் கம்பி எங்கே போய்ச் சேருதுன்னு நாப்பது வருஷம் பார்த்தவ நான். லீவு சொல்லு. காரை எடு."

"நிச்சயமாவா அத்தை? வேண்டாம்னா இப்படியே விட்டுடலாம்."

"பாதியில விட்ட இணைப்பு ரொம்பக் கெட்டது. ரெண்டு பக்கமும் 'ஹலோ, ஹலோ'ன்னுட்டே இருப்பாங்க."

சூளைக்கார அம்மாவுக்கு எண்பத்துநான்கு வயது. சூளை மூடி வெகு காலமாகியும் அதன் பக்கத்திலேயே, மகளோடு இருந்தார். அத்தையை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓடினவர் மகளா நீ?"

"அது நான்தான்" என்றார் அத்தை.

"உட்காரு. அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன். அது சூளை நெருப்பு இல்லை. மூணு நாள் அடைமழை விட்டு, மறுநாள் விழுந்த பனி அது. அறுத்து வச்ச செங்கல்லு ஒண்ணுகூடக் காயலை. ஈரக் கல்லை அடுக்கி எவனாவது நெருப்பு வைப்பானா? வச்சா மொத்தமும் வெடிச்சுப் போகும். விசாரணைக்கு வந்த துரைக்கு அது தெரியலை. சின்னப் பொண்ணு உளறுதுன்னு போயிட்டார்."

"நெருப்பு எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டேன்.

"பஞ்சுக்குள்ள விளக்கு வச்ச மாதிரி. ஒரு நிமிஷம் இங்கே பனியெல்லாம் ரோஸ் நிறமாச்சு. அப்புறம் ஒரு சத்தம், மாடு தண்ணிக்குள்ள விழுந்த மாதிரி. அவ்வளவுதான். மறுநாள் மண்ணு வெட்டின பள்ளத்துல, மழைத் தண்ணி மேல எண்ணெய் மிதந்துச்சு. வானவில்லு படுத்திருந்த மாதிரி. மேஸ்திரிகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். 'வாயை மூடு, பட்டாளத்துக்காரன் வந்தா வேலையை நிறுத்திடுவான்'னார். மூடிட்டேன்."

அந்தப் பள்ளம் இப்போது ஒரு குளம். ஓரமெல்லாம் கோரை. மீன் பிடிக்கக் குத்தகைக்கு எடுத்திருந்த வலைக்காரர் படகிலிருந்தபடியே கேட்டார், "எந்த மூலை? கிழக்கு மூலையா? அங்கே நாங்க வலையே போடறதில்லை. எங்கப்பா காலத்துலேருந்தே போட்டா கிழியும். பாறைன்னு நினைச்சோம்."

"செங்கல் மண்ணு எடுத்த இடத்துல பாறை எங்கேருந்து வரும்?" என்றார் சூளைக்கார அம்மா. வலைக்காரர் தலையைச் சொறிந்தார்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். காற்று இல்லை. தண்ணீர் அவரை விழுங்கி, வளையங்களையும் விழுங்கி, மறுபடி வழவழவென்று ஆனது. அதில் மேகம் ஒன்று தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அத்தை என் பக்கத்தில் நேராக நின்றார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு அடுத்த முனையின் குரலுக்காகக் காத்திருக்கிற மாதிரி.

மூன்றாவது முறை மேலே வந்தபோது வலைக்காரரின் முகம் மாறியிருந்தது.

"இருக்கு" என்றார். "இறக்கை மாதிரி நீளமா ஒண்ணு. உடம்பு பாதிக்கு மேல சேத்துக்குள்ள. ஓட்டறவர் உட்கார்ற இடத்துக் கண்ணாடி மூடியேதான் இருக்கு. தடவிப் பார்த்தேன். திறக்கலை. எதையும் தொடலைம்மா, அப்படியே விட்டுட்டேன்."

சூளைக்கார அம்மா தன் கையை அத்தையின் முதுகில் வைத்தார்.

"மூக்கு எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?" என்று கேட்டார் அத்தை.

வலைக்காரர் தண்ணீரில் மிதந்தபடியே கையை நீட்டினார். பையிலிருந்த திசைகாட்டியை நான் எடுக்கவில்லை. தெற்கே, கோரைக்கு மேலே, மரங்களுக்கு மேலே, தளத்துக்குப் போகும் வழியில் இருக்கும் எங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டி வெள்ளையாகத் தெரிந்தது.

அத்தை கரையில் உட்கார்ந்துவிட்டார். முட்டி மடங்காத அத்தை எப்படி உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி, சத்தமாக அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தடுக்கவில்லை. எழுபத்தாறு வருஷம் தள்ளிப் போட்ட அழுகைக்கு இடையில் யார் பேசுவது?

வெகு நேரம் கழித்து மூக்கை உறிஞ்சினார்.

"இனி என்ன செய்வாங்க?"

"ராணுவத்துக்கு எழுதணும் அத்தை. அவங்க வந்து, மரியாதையோட எடுப்பாங்க. நான் எழுதறேன்."

"வடக்கே போட்ட கோட்டை?"

"நாளைக்கே அழிச்சுடறேன்."

"அழிக்காதே. பக்கத்துல சரியானதைப் போடு. ரெண்டும் இருக்கட்டும்." பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். "இங்கேருந்து வீடு எவ்வளவு தூரம்?"

"நாலு கிலோமீட்டர் இருக்கும்."

"பிளேனுக்கு அது எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம்கூட ஆகாது அத்தை."

"ஒரு நிமிஷம்" என்றார். அந்தச் சொல்லைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல மறுபடி சொன்னார். "எனக்கு?"

"உங்க முட்டிக்கா? சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டும்."

என் தோளைப் பிடித்து எழுந்தார். காரின் பக்கம் போகவில்லை. கோரையை ஒட்டிய மண் பாதையில், தொட்டியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். வலது கால் ஒரு அடி, இடது காலை இழுத்து ஒரு அடி. சூளைக்கார அம்மா பின்னாலிருந்து கத்தினார், "ஏம்மா, அந்தப் பக்கம் வாய்க்கால் குறுக்கே வரும்!"

"பாலம் இருக்கு, எனக்குத் தெரியும்" என்றார் அத்தை திரும்பாமலே.

நான் காரைப் பூட்டிவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். வெயில் சாய்ந்து, எங்கள் நிழல் இரண்டும் பாதையின் ஓரத்தில் நீளமாக வந்தன. வாய்க்கால் பாலம் வந்தபோது அத்தை மூச்சு வாங்கி நின்றார். கட்டைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, மேலே வெறும் வானத்தைப் பார்த்துச் சொன்னார்:

"கொஞ்ச தூரம்தான்ப்பா."